முளைத்த தலையணை

என் அக்காவுக்குக் கை சும்மா இருக்காது. வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால், அவர்கள் திரும்பி வருவதற்குள் அந்தச் செருப்புகள் பெரிது சிறிது பார்த்து வரிசையாக நிற்கும். கொடியில் துணி போட்டால் நீளத்துக்குத் தகுந்த வரிசையில் போடுவாள். நானோ தையல்காரி. வெட்டுத் துண்டும் நூலும் பறக்கிற தொழில். ஒரே வீட்டில் முன்னறையில் என் மிஷின், பின்னறையில் அவளும் அத்தானும். நான் ஒரு சட்டைக்குக் காலர் வைப்பதற்குள் அவள் இரண்டு தரம் என் காலடியைக் கூட்டிவிட்டுப் போய்விடுவாள். "ஒரே வயித்துல பொறந்தவங்கன்னு சத்தியம் பண்ணாலும் எவனும் நம்பமாட்டான்" என்பார் அத்தான். அவர் இரவுக் காவல் வேலை பார்க்கிறவர். பகலில் தூங்குவார். அவர் தூங்குகிற பாயைச் சுற்றியும் அவள் கூட்டுவாள்.

தெருவில் அவளுக்கு 'சல்லடை' என்று பெயர். அது குணத்தால் வந்ததா, வேலையால் வந்ததா என்று கேட்டால் இரண்டாலும்தான் என்பேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஒரு காய்கறி விதைக் கம்பெனியில் இருந்தாள். தக்காளி, கத்தரி, வெண்டை எல்லாம் அவள் கை வழியாகத்தான் பாக்கெட்டுக்குள் போகும். எல்லா விதையும் ஒரே அளவு, ஒரே நிறம். ஒன்று கொஞ்சம் சப்பையாக இருந்தால்கூட அவள் விரல் அதைக் கண்டுபிடித்து வெளியே தள்ளிவிடும். அங்கே அதற்குத்தான் சம்பளம். அந்தக் கம்பெனியை இழுத்து மூடிய பிறகு ஊர் எல்லையில் இருக்கிற புல் விதைப் பண்ணையில் சேர்ந்தாள். "புல்லுக்குப் போய் ஒரு பண்ணையா, அதுக்குப் போய் ஒரு வேலையா" என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கான பலனைப் பிறகு நன்றாக அனுபவித்தேன்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கிறது. மலை கிடையாது. கல் குவாரி நடந்த காலத்தில் உடைந்த கல்லையும் மண்ணையும் கொட்டிக் கொட்டி உயர்ந்த குப்பை அது. குவாரிக்காரர்கள் போய்விட்டார்கள், மேடு நின்றுவிட்டது. மழை பெய்தால் அதிலிருந்து சேறு கரைந்து எங்கள் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வரும். அதனால் வானம் இருட்டினாலே அக்கா பின்வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு, துடைப்பத்தையும் சாக்கையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். மழை விடும்வரை சாப்பாடு இல்லை, படுக்கை இல்லை. மழைச் சத்தத்தில் சுகமாகத் தூங்குவார்கள் என்று மற்றவர்கள் சொல்லும்போது, அது ஏதோ பணக்காரர்கள் பழக்கம் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

அந்த மேட்டுக்குப் புல் போர்த்தும் வேலையைத்தான் பண்ணை எடுத்திருந்தது. அதை நடத்தியவர் செடிகளைப் பற்றிப் படித்த ஒரு பெண். தெருவில் எல்லோருக்கும் அவர் 'புல்லு மேடம்'. எப்போதும் தரையைப் பார்த்தே நடப்பார். எதிரே வருகிற ஆளையும் லாரியையும் மற்றவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். குவாரி வருவதற்கு முன்னால் இந்தப் பக்கம் முழுக்கப் புல்வெளியாக இருந்ததாம். மண்ணை விடாமல் பிடித்துவைக்கிற ஒரு புல் அதில் இருந்ததாம். இன்னும் அது மூன்று இடங்களில் மிச்சம் இருந்தது: கால்வாய் ஓரம், ரயில் பாதை ஓரம், அப்புறம் ஊருக்கு வெளியே ஒரு மொட்டைக் குன்றின் உச்சி. மேடம் வேண்டுமென்றே மூன்று இடத்திலும் விதை எடுத்து, ஒன்றாகக் கொட்டி, அக்காவின் கொட்டகைக்கு அனுப்பினார். "சுத்தமா இருக்கணும். களை விதை ஒண்ணு உள்ள போனாலும் மேடு முழுக்கக் களை ஆயிடும்" என்று மட்டும் சொன்னார்.

சுத்தம் செய் என்று அக்காவிடம் சொன்னால் கேட்கவா வேண்டும். ஒரு சல்லடையில் சலித்து, இன்னொரு சல்லடையில் சலித்து, காற்றடிக்கிற மிஷினில் விட்டு எடுத்தாள். பைக்குள் போனவையெல்லாம் கொழுகொழுவென்று, ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தன. மேடம் பையைத் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவு வெயிட்டா நான் பாத்ததே இல்ல" என்று பாராட்டினார். அன்று வீட்டுக்கு வந்த அக்காவின் கால் தரையில் பாவவில்லை.

சல்லடைக்குக் கீழே விழுந்ததும் காற்றில் பறந்ததும் மூலையில் மலையாகக் குவிந்தது. சின்னஞ்சிறு விதை, முடி முடியாக உமி. எரித்துவிடச் சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு மனசு வரவில்லை. சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து, "அத்தானுக்குத் தலையணை தட்டையாப் போச்சுடி, இதை அடைச்சுத் தை" என்றாள். தைத்தேன். தலை வைத்தால் மெத்தென்று அமுங்கி, லேசாகச் சரசரத்தது. அத்தான் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டில் பெருமையடித்தார். பக்கத்து வீடு அதற்கடுத்த வீட்டில் சொன்னது. சாக்கு வந்துகொண்டே இருந்தது, வெட்டுத் துண்டு என்னிடம் ஏராளம். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் எங்கள் தலையணை போய்ச் சேர்ந்தது.

மேட்டில் முதல் விதைப்பு. மழை விழுந்தது, விதை முளைத்தது. எப்படி முளைத்தது என்கிறீர்கள்? விரித்த பாய் மாதிரி, ஒரே நாளில், ஒரே உயரத்தில். தெருவே திரண்டு வேடிக்கை பார்த்தது. அக்கா கண் கலங்க நின்றாள். பிறகு மழை இடைவெளி விட்டது. வெயில் காய்ந்தது. எல்லாம் ஒன்றாக வந்தது போலவே ஒன்றாகச் செத்தது. அடுத்த வருடம் மறுபடி சலித்து, இன்னும் நன்றாகச் சலித்து, மறுபடி விதைத்தார்கள். மறுபடியும் அதே கதை. அந்த வருடக் கடைசி மழையில் கோடி வீட்டின் பின்சுவரே உள்ளே சாய்ந்தது. ஆட்கள் யாரும் அந்த நேரம் வீட்டில் இல்லாததால் பிழைத்தார்கள்.

அதன் பிறகு நகராட்சியிலிருந்து ஓவர்சியர் வந்தார். வீட்டுக்கு வீடு முன்சுவரில் சிவப்புப் பெயின்டால் எண் போட்டார். மேட்டுக்கு இன்னும் ஒரு மழைக்காலம் தவணை. அதற்குள் மண் நிற்காவிட்டால் தெருவைக் காலி செய்துவிடுவார்கள். எங்கே போவது என்று கேட்டதற்கு, அது வேறு அலுவலகம் என்றார்.

சுவரில் ஒரு விரல் கறை இருந்தால் தாங்காத என் அக்கா, அந்தச் சிவப்பு எண்ணை ஒன்றும் செய்ய முடியாமல் போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு நாள் கவனித்தேன், என் காலடியில் வெட்டுத் துண்டு கணுக்கால் உயரம் கிடந்தது. அவள் கூட்டுவதை நிறுத்தியிருந்தாள். சேறு வந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

அந்த நாட்களில்தான் மேடம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கடைசி முறையாக விதைக்கப் போகிறேன், ஆனால் கையில் இருப்பது அதே விதைதான், நம்பிக்கை இல்லை என்பதை நேரில் சொல்ல வந்திருந்தார். டீ குடித்துவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. என்ன ஆயிற்று என்று போய்ப் பார்த்தோம். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தரையோடு தரையாகக் குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இது என்ன?" என்றார்.

எனக்கு மானம் போயிற்று. அது என் தலையணை. எப்போதோ வெயிலில் காயப்போட்டு, சுவரிலிருந்து விழுந்து, சொட்டுகிற குழாய்க்கடியில் கிடந்திருக்கிறது. நான் எடுக்க மறந்தேன், அக்கா பார்க்க மறந்தாள். துணியைக் கிழித்துக்கொண்டு பச்சை முளைத்திருந்தது.

"தலையணை மேடம்" என்றேன்.

"அது தெரியுது. உள்ள என்ன இருக்கு?"

அக்கா திருடி மாட்டிக்கொண்டவள் போலச் சொன்னாள். "கழிவு மேடம். சல்லடைக்குக் கீழ விழுந்தது. எரிக்கச் சொன்னீங்க, எனக்குக் கை வரல."

மேடம் தையலைப் பிரித்தார். விரல் நீளம் வளர்ந்தவை சில, இப்போதுதான் மூக்கு நீட்டியவை சில, இன்னும் விதையாகவே கிடந்தவை நிறைய. ஒன்றை இழுத்தார். மேலே நகக்கண் அளவு இலை, கீழே சாண் நீளத்துக்கு வேர். வேர் துணியின் அந்தப் பக்கம் வரை துளைத்துப் போயிருந்தது.

"இது குன்று மேல எடுத்தது" என்றார்.

"பைக்குள்ள இருக்கிறதும் அதே புல்லுதானே மேடம்?" என்றாள் அக்கா.

"அதே புல்லுதான். ஆனா கால்வாய் ஓரத்துல இருக்கிறதுக்குத் தண்ணியப் பத்திக் கவலையே இல்ல. விதை குண்டா இருக்கும், ஈரம் பட்டதும் எல்லாம் ஒண்ணா எழுந்துடும். குன்று மேல இருக்கிறது அப்படி இல்ல. விதை சின்னது. ஒரே மழையை நம்பி மொத்தமா வெளிய வராது. கொஞ்சம் இந்த மழைக்கு, கொஞ்சம் அடுத்த மழைக்கு. மேல குட்டையா இருந்துட்டு அடியில வேரை விடும். ரயில் பாதை ஓரத்துல இருக்கிறது ரெண்டுக்கும் நடுவுல. எல்லாம் கலந்து இருக்கணும்னுதான் நான் மூணு எடத்துல எடுத்தேன்."

அக்கா மெதுவாகக் கேட்டாள். "அப்ப நான் சலிச்சப்ப?"

"குன்று மொத்தமும், ரயில் பாதையில பாதியும் கீழ போயிடுச்சு. கால்வாய் மட்டும்தான் பைக்குள்ள முழுசா வந்திருக்கு."

அக்கா அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்தாள். "தெருவை நான்தான் கெடுத்தேன்" என்று சொல்லி அழுதாள். மேடமும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"சுத்தம் சுத்தம்னு உங்க உயிரை வாங்கினது நான். பையைத் தூக்கிப் பாத்து வெயிட்டா இருக்குன்னு பல்லைக் காட்டினதும் நான். என்ன வெளிய போச்சுன்னு ஒரு நாள் திரும்பிப் பாத்தேனா? அழறதுன்னா ரெண்டு பேரும் சேர்ந்துதான் அழணும்."

நான் அழுகைக்கு லாயக்கில்லாதவள். "அழுதது போதும். புதுசா குன்றுல போய் எடுக்க முடியாதா?" என்று கேட்டேன்.

"எல்லாம் உதிர்ந்து காத்துல போயிடுச்சு. இனிமே அடுத்த வருஷம்தான். நமக்கு இந்த மழையை விட்டா வேற மழை இல்ல" என்றார் மேடம்.

"அப்ப எழுந்திருங்க. இந்தத் தெருவுல எல்லார் தலைக்கும் கீழ இருக்கு."

வீடு வீடாகப் போனோம். சிலர் கேட்டதும் கொடுத்தார்கள். "எடுத்துட்டுப் போங்க தாயே, ஊசி ஊசியா கன்னத்துல குத்துது" என்றாள் ஒருத்தி. இத்தனை வருடம் என்னிடம் ஆகா ஓகோ என்றவள் அவள்தான். கைக்குழந்தைக்காரி மட்டும் குழந்தை எழுந்திருக்கும்வரை எங்களை வாசலில் நிற்கவைத்தாள். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருக்கிறார். அவர் முடியவே முடியாது என்றார்.

"காலம் பூரா ஸ்டியரிங் பிடிச்ச கழுத்தும்மா இது. எத்தனையோ டாக்டரைப் பாத்தேன். இந்தத் தலையணை வந்தப்புறம்தான் திரும்புது. தரமாட்டேன்."

"வீடே போகப்போகுது பெரியவரே. தலையணையை வச்சிட்டு எங்க படுப்பீங்க?"

"போற எடத்துல படுத்துக்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

கொட்டகையில் தலையணைகள் கூரையைத் தொட்டன. ஆனால் மேடம் உடனே விதைக்க விடவில்லை. அதில் களை எவ்வளவு, உயிர் எவ்வளவு என்று தெரியாமல் மேட்டில் போட்டால், இருக்கிற ஒரு வாய்ப்பும் போய்விடும் என்றார். ஒவ்வொரு தலையணையிலும் ஒரு பிடி எடுத்து, தட்டில் ஈரத்துணி விரித்துப் போட்டோம். அக்கா விடிந்ததும் போய்த் தட்டுகளின் முன்னால் உட்காருவாள். முளை வந்தது. கொஞ்சம்தான் வந்தது. மறுபடி கொஞ்சம் வந்தது. களையும் தலைகாட்டியது. ஆனால் பயந்த அளவுக்கு இல்லை, அதன் விதை தனியாகக் கண்ணுக்குத் தெரிகிற கறுப்பு, கையாலேயே பொறுக்கலாம் என்று அக்கா சொன்னாள். மேடம் கடைசித் தட்டையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "போதும். விதைக்கலாம்" என்றார். அக்கா விட்ட மூச்சில் முன்னால் இருந்த உமி பறந்தது. நெடுநாளைக்குப் பிறகு அன்று வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம்.

விதைக்கிற அன்று தெருவே மேட்டில் ஏறியது. பைக்குள் இருந்த குண்டு விதையையும் தலையணை விதையையும் கலந்து, உமியோடும் முடியோடும் தூவி, மேலே வைக்கோல் பரப்பச் சொன்னார்கள். அக்காவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது. கைநிறைய அள்ளுவாள். தூவ வேண்டிய விரல் தானாகச் சின்னதை ஒதுக்கப் பார்க்கும்.

"அக்கா, கண்ணை மூடிட்டுத் தூவு" என்றேன்.

"வாயை மூடுடி" என்றாள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டுதான் தூவினாள்.

வேலை முடிகிற நேரத்தில் டிரைவர் பெரியவர் கக்கத்தில் தலையணையோடு மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தார். யாரையும் தொடவிடாமல் தானே கிழித்து, தானே தூவினார். தூவிவிட்டு என் பக்கம் திரும்பி, "பஞ்சுல ஒண்ணு தைச்சுத் தரணும், நல்ல பஞ்சு" என்றார். சரி என்றேன். அந்த நேரத்தில் மெத்தையே கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

முதல் மழைக்குப் பச்சை வந்தது. போன தடவைகள் மாதிரி பாயாக இல்லை, அங்கங்கே திட்டுத் திட்டாக. பிறகு வழக்கம்போல மழை ஓடி ஒளிந்துகொண்டது. வெயில் ஏறியது. உயரமாக வந்தவை கண்ணெதிரே மஞ்சளாகித் தலை தொங்கின. அக்கா வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. அவளை இழுத்துக்கொண்டு மேடம் மேட்டில் ஏறினார். நானும் போனேன். மண்டியிட்டு, காய்ந்த புல்தாளை விலக்கிக் காட்டினார். அடியில் தரையோடு ஒட்டி, மங்கலான நிறத்தில், சின்னச் சின்னதாக உயிரோடு இருந்தன. அக்கா ஒன்றை லேசாக இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள். அப்போதும் வரவில்லை.

"பிடிச்சிருக்கு மேடம்" என்றாள்.

அடுத்த தூறலுக்கு இன்னொரு கூட்டம் முளைத்தது. அதற்கடுத்ததற்கு மற்றொன்று. ஈரம் தங்குகிற பள்ளத்தில் குண்டு விதைக்காரர்களும் பிழைத்து உயர்ந்தார்கள். மேடு பார்க்கச் சகிக்கவில்லை. நெட்டையும் குட்டையும், பச்சையும் பழுப்பும். தெரியாதவன் கத்தரி போட்ட தலை மாதிரி இருந்தது. அக்கா தினமும் அதை நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போனாள்.

பெரிய மழை ஒரு மத்தியானத்தில் வந்தது. பகலையே காணோம். அக்கா முக்காலி, துடைப்பம், சாக்கு சகிதம் பின்வாசலில் உட்கார்ந்துவிட்டாள். நான் மிஷினை நிறுத்திவிட்டு அவள் பின்னால் நின்றேன். அத்தானும் எழுந்து வந்துவிட்டார். கோடி வீட்டுக்காரர்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எங்கள் முன்னறைக்கு வந்திருந்தார்கள். கொட்டோ கொட்டென்று கொட்டியது. மேட்டுப் பக்கமிருந்து தண்ணீர் இறங்கி வருகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எங்களுக்குப் பழக்கமானது. அதற்குப் பின்னால் சேறு வரும்.

தண்ணீர் வந்தது. வாசல்படியைத் தொட்டது. அக்கா குனிந்து அதில் கையை விட்டாள். எடுத்துப் பார்த்தாள். மறுபடி விட்டுப் பார்த்தாள். விரல் தெரிந்தது.

"தண்ணிதான் வருது" என்றாள். எங்களுக்குச் சொல்கிறாளா, தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியவில்லை. "வெறும் தண்ணிதான் வருது."

அது வாசலைச் சுற்றிக்கொண்டு சாக்கடைக்குள் போனது. மழை விட்டது. அக்கா துடைப்பத்தோடு எழுந்து நின்றாள். கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. துடைப்பத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றினாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அழுகைக்கு லாயக்கில்லாதவள் என்று என்னைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மழைக்காலம் முடிவதற்குள் ஓவர்சியர் வந்தார். மேட்டில் ஏறினார், காலால் உதைத்துப் பார்த்தார், இறங்கினார். தெருவைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர் அடுத்த வீட்டைத் தாண்டுவதற்குள் அக்கா வாளியும் தேங்காய் நாருமாக முன்சுவருக்கு வந்துவிட்டாள். எண் போனது. ஆனால் தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்து, மற்ற சுவர் அழுக்காக, சட்டையில் ஒட்டுப் போட்ட மாதிரி தெரிந்தது.

"அக்கா, இந்த எடம் மட்டும் தனியாத் தெரியுது. முழுச் சுவரையும் தேய்க்கலையா?" என்று வம்புக்கு இழுத்தேன்.

அவள் ஒரு நிமிடம் தள்ளி நின்று பார்த்தாள். "இருக்கட்டும்" என்று வாளியைக் கவிழ்த்தாள்.

கொட்டகையில் இப்போது குன்று விதை தனி, கால்வாய் விதை தனி, ரயில் பாதை விதை தனி. தனித்தனிச் சல்லடையில் சலித்து, கடைசியில்தான் கலக்கிறார்கள். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எதையாவது கீழே தள்ளினால் அக்கா போடுகிற சத்தம் ரோடு வரை கேட்கிறதாம். தலையணைக்கு இனிமேல் பஞ்சுதான். டிரைவர் பெரியவர் என் பஞ்சுத் தலையணையில் கழுத்து திரும்பவில்லை என்று இன்னும் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நேற்று மத்தியானம் மறுபடி வானம் இருட்டியது. பழக்கத்தில் நான் முக்காலியை எடுத்துப் பின்வாசலில் போட்டேன். மழை பிடித்தது. துடைப்பத்தோடு அக்கா வருவாள் என்று பார்த்தால் ஆளைக் காணோம். பின்னறையில் எட்டிப் பார்த்தேன். அத்தான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். தலையணையை இரண்டாக மடித்துத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து, அந்த மழைச் சத்தத்தில் என் அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள்.